எடுத்துக் கொடுத்த வசனம்

என் தம்பி தோக்சூ வாயால் பிழைத்தான், வாயாலேயே கெட்டான் என்று இன்றைக்கும் நாலு பேர் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் வாயில் கொள்ளியை வைக்க. அவன் மாட்டிக்கொண்ட அன்றைக்கு, சொல்லக்கூடாத ஒரு வார்த்தைகூட அவன் வாயிலிருந்து வரவில்லை. நான் அங்கேதான் இருந்தேன். பெண்கள் மாடியில், படிக்கட்டு ஓரமாக, ரப்பர்ச் செருப்புக் குவியலுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

அப்போது படம் பேசாது. வெள்ளைத் துணியில் வெள்ளைக்காரர்கள் வாயை வாயை அசைப்பார்கள், அவ்வளவுதான். துணிக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குவளை. அதன் பின்னால் கறுப்புக் கோட்டோடு நின்று அத்தனை பேருக்கும் குரல் கொடுப்பவன்தான் பியோன்சா. கிழவனுக்குக் கிழவன் குரல், குமரிக்குக் குமரி குரல், குதிரை வந்தால் குதிரைக்கும் அவனே. கும் ஆறு கடலில் விழுகிற எங்கள் துறைமுக ஊரில் இருந்தது ஒரே கொட்டகை. அதில் பியோன்சா என் தம்பி. ஊர் படம் பார்க்க வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோக்சூவைக் கேட்க வந்தது.

நான் மாடிக் கதவில் டிக்கெட் கிழிப்பேன். ஆண்கள் கீழே, பெண்கள் மேலே. சுட்ட கணவாய் மணமும் குழந்தைகளின் மூத்திர வாடையும் கலந்து அடிக்கிற அந்த மாடியில் யார் எங்கே உட்காருவார்கள் என்று எனக்கு மனப்பாடம். முன்வரிசையில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தினமும் கோங்ஜூக்காரி. கோங்ஜூ ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்ததால் அந்தப் பெயர். புருஷன் செத்துப்போனான். ஊரார் துணியை ஆற்றில் துவைத்துச் சாப்பிடுகிறாள். ஒரே மகன் சம்போங், எல்லை தாண்டி வடக்கே போனவன், போனவன்தான். துவைக்கிற காசில் பாதியைக் கொட்டகைக்கே கொட்டினாள். நான் திட்டினால் சிரிப்பாள்.

"போடி மல்சூன். உன் தம்பி பேசுறதைக் கேட்டா வயிறு நிறைஞ்சிருது. சோறு எதுக்கு?"

எங்கள் பக்கத்தில் பாட்டுக் கேட்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பதில்லை. சந்தையில் முரசு தட்டி ஒருவன் கதை பாடினால், சுற்றி நிற்பவர்கள் "அப்படிப் போடு!" "சபாஷ்டா!" என்று தூக்கிவிட வேண்டும். பாடுகிறவன் அடி மறந்து தடுமாறினால், தெரிந்தவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பவன் மனுஷனே இல்லை. கொட்டகையிலும் அதே பழக்கம்தான். இலையுதிர் காலத்தில் ஒருநாள் தோக்சூவுக்கு இருமல் வந்து வசனம் பாதியில் நின்றபோது, மாடியிலிருந்து கோங்ஜூக்காரி மீதியைச் சொன்னாள். அச்சு அசல் அவன் குரல், அவன் இழுப்பு. கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. தோக்சூ குவளையை அவள் பக்கம் தூக்கிக் காட்டி, "ஆசானே, வணக்கம்!" என்றான். அதற்கப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

தை பிறந்து, அமாவாசைக்குப் பின் எங்கள் புத்தாண்டு வந்தது. பண்டிகைக்கு ஒரு வெள்ளைக்காரப் படம் போட்டார்கள். பனிக்காட்டில் ஒரு விதவை. ஒரு மகன். புயலில் ஒருவன் வந்து, ஒரு ராத்திரி தங்கிக்கொள்கிறேன் என்று கேட்கிறான். தங்குகிறான். மறுநாளும் தங்குகிறான். அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி அவனுடையதாகிவிடுகிறது. மகனை அடித்து வெளியே துரத்துகிறான். அந்தத் தாய் வாசலில் விளக்கோடு நின்று, திரும்பி, நாற்காலியில் இருப்பவனைப் பார்க்கிறாள். வெறுமனே பார்க்கிறாள். படத்தில் அங்கே ஒரு எழுத்தும் வராது. அந்த இடத்தில் என் தம்பி, கையை மெல்ல நீட்டி, தரையைக் காட்டி, இப்படிச் சொன்னான்:

"விருந்தாளியா வந்தே. கதகதப்பான இடத்துல உட்கார்ந்துட்டே. உட்காரு. தரை என்னது. அடுப்பு என்னது. என் புள்ள வருவான். வந்து உன்னை எந்திரிக்க வைப்பான்."

ஜப்பான்காரன் எங்கள் நாட்டுக்குள் வந்து உட்கார்ந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. விளக்கம் வேறு சொல்ல வேண்டுமா? முதல் நாள் கொட்டகை மூச்சுவிடவில்லை. பிறகு அழுதது. பிறகு கைதட்டல். மறுநாள் ஓரம் வரைக்கும் ஆள். பெண்கள் அந்த வசனத்தைத் துணி துவைக்கிற கல்லில் அடித்து அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகையின் பின்புறம், கொஞ்சம் உயரமாக, போலீஸ்காரன் உட்கார ஒரு பெஞ்சு உண்டு. பியோன்சா பேசப்போவதை முன்கூட்டியே எழுதி ஸ்டேஷனில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். அதைத் தாண்டினால் விசில் ஊதுவான், படம் நிற்கும், பேசினவன் உள்ளே போவான். எங்களுக்கு வாய்த்தவன் கிழட்டுக் குரோடா. எங்கள் மொழியில் அவனுக்குத் தெரிந்தது "சாராயம்", "இன்னும் கொஞ்சம்" இரண்டும்தான். படம் தொடங்கினால் தூங்கிவிடுவான். நல்ல மனுஷன்.

பண்டிகை முடிவதற்குள் குரோடாவை மாற்றிவிட்டார்கள்.

புதியவன் பெயர் ஹயாமி. ஒரு காலைப் பொழுது, கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. தொப்பியைக் கழற்றி, என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினான். "அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று எங்கள் மீன்காரி கேட்பதைப் போலவே கேட்டான். என் கையிலிருந்த விளக்குமாறு நழுவியது. ஜப்பான்காரன்தான். ஆனால் இந்தக் கடற்கரையிலேயே பிறந்து எங்கள் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு வளர்ந்தவன். கெட்ட வார்த்தைகூட எங்களைவிட நன்றாகத் தெரியும் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முதலாளி பேக் ஓடிவந்தார். தோக்சூவும் வந்தான். ஹயாமி எல்லோரையும் உட்காரச் சொன்னான். எங்கள் கொட்டகையில் எங்களை!

"ஊர்ல ஒரு வசனம் ஓடுதாம்," என்றான், வேர்க்கடலை உரித்துக்கொண்டே. "நான் போற இடமெல்லாம் அதைச் சொல்லி சிரிக்கிறாங்க. என்னைப் பார்த்தா நிறுத்திடறாங்க. என்ன வசனம்னு எனக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்களாவது சொல்லுங்களேன் ஐயா."

"எல்லாம் எழுதிக் கொடுத்ததுதாங்க," என்றான் தோக்சூ.

"எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன். அதுல சிரிக்க ஒண்ணுமில்லையே."

அவன் தோல்களைக் கவனமாக ஒரு கையில் சேர்த்து, என் முறத்தில் போட்டான்.

"சரி. இன்னைக்கு மதிய ஆட்டத்துல இருந்து நான் பின்னால உட்காருவேன். எழுதினதுக்கு மேல ஒரு சொல்லு வந்தா என்னோட வரணும். இன்னொண்ணு. இனிமே அந்த வசனம் வராதுன்னு ஜனங்ககிட்ட யாராவது சொன்னா, அப்படி ஒரு வசனம் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். புரியுதில்ல?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. போகும்போதும் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போனான். திட்டிவிட்டுப் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

தோக்சூ ஒரு தடவை உள்ளே போய் வந்தவன். ஊரெல்லாம் சந்தையில் கூடி விடுதலை விடுதலை என்று கூவிய, ஏழு வருஷத்துக்கு முந்தைய வசந்தத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது பாதி ஆளாக வந்தான். இடது காலை இழுத்துத்தான் நடப்பான். குளிர் வந்தால் நெஞ்சில் சளி கட்டி விசில் மாதிரி சத்தம் கேட்கும். இரண்டாம் தடவை போனவர்கள் யாரும் நடந்து திரும்பி நான் பார்த்ததில்லை.

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "டேய், பகல்ல பக்கம் பார்த்துப் பேசணும், ராத்திரியில அதுவும் பேசக்கூடாது. காதுல விழுதா? உன் நாக்கை நானே அறுத்துருவேன்!"

"அறுத்துட்டா சோத்துக்கு என்ன பண்றது அக்கா?"

"விளையாடாதே! சத்தியம் பண்ணு."

சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "எழுதினது மட்டும்தான் பேசுவேன். அம்மா சமாதி மேல சத்தியம்." அவனுக்கும் பயம்தான். வீரன் அது இது என்று இப்போது சொல்கிறார்களே, அவர்களுக்கு என்ன தெரியும்?

மதியம் கொட்டகை நிரம்பி வழிந்தது. பண்டிகைக் கடைசி நாள். பெண்கள் புதுப் பாவாடையில், குழந்தைகள் வாயில் அரிசிப் பலகாரம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி இழுத்துவிட்டார்கள். ஹயாமி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு முன்னால் இருந்த ஆண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, "கிழவன் போய் குஞ்சு வந்திருக்குடோய்," என்று கிசுகிசுத்தார்கள். அவன் அவர்களைப் பார்த்து அவர்கள் பேச்சிலேயே, "குஞ்சுக்கும் காது இருக்கு அண்ணே," என்றான். அதோடு அந்த வரிசை வாயை மூடியது. ஆனால் மாடிக்கு அது கேட்கவில்லை; எனக்கே பிறகுதான் சொன்னார்கள்.

வாத்தியம் வாசித்தார்கள். தோக்சூ வந்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பேசத் தொடங்கினான்.

ஐயோ, அது என்ன பேச்சு! பள்ளிப்பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல. "தாய் கவலைப்படுகிறாள். வெளியே பனி பெய்கிறது." துணியில் அத்தனை பனி கொட்டுவது குருடனுக்கும் தெரியும். கீழே ஒருவன் கத்தினான்: "என்னப்பா, காலையில கஞ்சி குடிக்கலையா?" சிரிப்பு. தோக்சூ சிரிக்கவில்லை. அடுத்த வரியைச் சொன்னான்.

"இவனுக்கு என்னடி ஆச்சு?" என்று கோங்ஜூக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு."

"உடம்பு சரியில்லை அக்கா. நீங்க பேசாம பாருங்க."

"அதானே பார்த்தேன். அந்த இருமல்தான். முள்ளங்கியில தேன் ஊத்திக் குடுன்னு சொன்னேன்ல, குடுத்தியா?"

"குடுக்கறேன், குடுக்கறேன். திரும்புங்க."

நான் வேறு என்ன சொல்வது? அவள் காதில் விஷயத்தைச் சொன்னால் அது ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அங்கிருந்து ஹயாமி காதுக்கு எவ்வளவு நேரம்?

புயல் வந்தது. விருந்தாளி வந்தான். மகன் போனான். தாய் விளக்கோடு வாசலுக்கு வந்தாள். கொட்டகையில் அசைவு நின்றது. குழந்தைகளைக்கூட மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் இதற்குத்தான் வந்திருந்தார்கள். வாத்தியக்காரர்கள் வழக்கம்போல் வாசிப்பதை நிறுத்தினார்கள். தாய் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள்.

"தாய் அழுகிறாள்," என்றான் தோக்சூ. நிறுத்திவிட்டான். எழுதியிருந்தது அவ்வளவுதான்.

படக்கருவி கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கோங்ஜூக்காரி எழுந்ததை நான் பார்க்கவில்லை. அவள் குரல் கேட்டபோதுதான் திரும்பினேன்.

"பாவம், மறந்துட்டான்," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, அன்போடு, மெல்ல, எடுத்துக் கொடுத்தாள்: "விருந்தாளியா வந்தே..."

நான் செருப்புக் குவியலைத் தாண்டிப் பாய்ந்தேன். கால் தடுக்கி விழுந்தேன். அதற்குள் மாடியில் பத்துப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். "கதகதப்பான இடத்துல உட்கார்ந்துட்டே..." கீழே ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். தோக்சூ இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று காட்டினான். அவர்களோ, இன்னும் சத்தமாகச் சொல் என்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். "தரை என்னது! அடுப்பு என்னது!" கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "என் புள்ள வருவான்!" என்ற இடத்தில் கோங்ஜூக்காரியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே தனியாகக் கேட்டது. அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

ஹயாமி விசில் ஊதவில்லை. கடைசிச் சொல் வரை கேட்டான். பிறகுதான் ஊதினான்.

விளக்குகள் எரிந்தன. கதவுகளில் ஏற்கெனவே போலீஸ் நின்றிருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க," என்றான் தோக்சூ.

"இல்லை. நீங்க எழுதினதை மட்டும்தான் சொன்னீங்க. ஒரு சொல்லு கூடல, குறையல," என்று ஹயாமி சொன்னான். "அப்புறம் இத்தனை பேருக்கும் எங்கிருந்து தெரிஞ்சுதுன்னு பேசலாம், வாங்க."

அன்றைக்கு மாலையும் மறுநாள் காலையும் ஊரில் யாரைப் பார்த்தாலும் இழுத்துப்போய்க் கேட்டார்கள். எங்கள் ஜனங்களைப் பற்றி நான் ஆயிரம் குறை சொல்வேன். ஆனால் அந்த ஒருநாள் அவர்கள் காலில் விழலாம். "துணியில எழுதியிருந்துச்சு சாமி." "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்களே." "எல்லாரும் கத்தினாங்க, நானும் கத்தினேன்." "அது எங்க ஊர்ப் பழமொழிங்க, எங்க தாத்தா சொல்வாரு." கசாப்புக்கடைக்காரன், தனக்கு அன்றைக்குப் பல்வலி, எதுவும் கேட்கவில்லை என்று கன்னத்தைக் கட்டிக்கொண்டே வந்து நின்றானாம். தோக்சூ பேசித்தான் கேட்டோம் என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் சோற்று மூட்டையோடு ஸ்டேஷன் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். பெரிய அதிகாரி, வயசானவர், உள்ளேயிருந்து ஜப்பான் மொழியில் இரைந்தார். எனக்கு அரைகுறையாகப் புரியும். நம் முத்திரை போட்ட தாளை அப்படியே படித்தவனை எதற்காக அடைத்து வைத்திருக்கிறாய், மேலிடத்துக்கு நான் என்ன எழுதுவது என்கிறார். ஹயாமி வெளியே வந்தான். தூங்காத கண். அப்போதும் குனிந்தான்.

"சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க அக்கா. ஜெயிச்சுட்டீங்க."

மூட்டையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம். வெயில் அந்தச் சுவரைத் தாண்டினால் போதும்.

அப்போதுதான் கதவு திறந்தது. கோங்ஜூக்காரி. வெள்ளைத் துணியில் தைத்த நல்ல பாவாடை, எண்ணெய் தடவி வாரிய கொண்டை. திருமணத்துக்குப் போவது போல வந்திருந்தாள். அவளைத்தான் யாரும் இன்னும் கேட்டிருக்கவில்லை. ஆற்றோரக் குடிசைக்கு எந்தப் போலீஸ் போகும்?

"அக்கா, போங்க! வீட்டுக்குப் போங்க!" என்று எழுந்து அவளைத் தள்ளினேன்.

"விடுடி. நான் பண்ண தப்புக்கு உன் தம்பி உள்ள கிடக்கணுமா? ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை." என்னைத் தாண்டி ஹயாமியிடம் போனாள். தரையில் மண்டியிட்டாள். "ஐயா, அந்தப் பையனை விட்டுருங்க. அவன் வாயே திறக்கலை. முதல்ல கத்தினது நான்தான். என்னைப் பிடிச்சுக்கங்க."

ஹயாமி அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். அவன் கைகள் மிக நிதானமாக இருந்தன.

"நீங்க ஏம்மா கத்தினீங்க?"

"ஐயா, இவளுக்குப் புத்தி கலங்கிருச்சு!" என்று நான் அலறினேன். "மகன் போனதிலிருந்து இப்படித்தான், என்னத்தையாவது உளறுவா..."

"என் புத்திக்கு என்னடி?" என்று கோங்ஜூக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "கொட்டகையில ஓடின எந்தப் படத்தையும் கேளுங்க, ஒரு வரி விடாம சொல்றேன்! யாருக்குக் கலங்கிருச்சு?"

"அக்கா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க," என்று ஹயாமி என்னிடம் சொன்னான். ஒரு போலீஸ்காரன் வந்து என் தோளில் கை வைத்தான். "நீங்க சொல்லுங்கம்மா. ஏன் கத்தினீங்க?"

"கத்தலைங்க. எடுத்துக் குடுத்தேன். அவன் மறந்துட்டான் பாருங்க. உடம்பு சரியில்லை. பாடுறவன் மறந்தா எடுத்துக் குடுக்கறது இல்லையா?"

"குடுக்கணும்தான். எங்க தெருவுலயும் அப்படித்தான். பாவம், மறந்துட்டாரா? வழக்கமா மறக்க மாட்டாரோ?"

"மறக்கிறதாவது!" அவள் முகம் மலர்ந்தது. "படம் வந்த நாள்ல இருந்து ஒருநாள் தவறினதில்லை. தேனா ஒழுகும். நேத்துதான் பாவம்..."

"எனக்குக் கேட்கக் குடுத்து வைக்கல," என்றான் ஹயாமி. "அவர் எப்படிச் சொல்வாரு? அவரை மாதிரியே சொல்லிக் காட்டுங்களேன்."

உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. பெரிய அதிகாரி வாசற்படிக்கு வந்து நின்றார். கோங்ஜூக்காரி தொண்டையைச் செருமினாள். எழுந்து நின்றாள். கையை மெல்ல நீட்டி, தரையைக் காட்டி, அச்சு அசல் தோக்சூவின் குரலில், தோக்சூ நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, முழுவதையும் சொன்னாள். சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ இருமினார்கள். அந்த நெஞ்சு விசிலை எனக்குத் தெரியாதா?

ஹயாமி கைதட்டினான். அவளை வாசல் வரை கொண்டுவந்து விட்டான். போகும்போது அவள் என் கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது.

"சொல்லிட்டேன்டி. அவன் மேல ஒரு தப்பும் இல்லைன்னு பளிச்சுனு சொல்லிட்டேன். நல்ல பையன் அந்த ஐயா. இனி விட்டுருவாங்க, பாரு."

"ஆமா அக்கா," என்றேன்.

அவள் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து, ஹயாமி என் மடியிலிருந்த மூட்டையைப் பார்த்தான். "சோறு வேண்டாம் அக்கா. பஞ்சு வச்ச கால்சட்டை இருந்தா கொண்டு வாங்க. பெரிய ஜெயில்ல தரை சில்லுனு இருக்கும்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாவது குளிர்காலத்தில் அந்தக் கால்சட்டையை மட்டும் மடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

கோங்ஜூக்காரியிடம் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கே விட்டுவிட்டார்கள், படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போகிற கூட்டத்தில் சேர்ந்து வடக்கே போய்விட்டான் என்று நான்தான் சொன்னேன். கசாப்புக்கடைக்காரனிலிருந்து பேக் முதலாளி வரை அதையே சொன்னார்கள். ஆற்றங்கரைப் பெண்கள், ஒரு ரகசியத்தை ஒரு வேளைச் சோறு வரை வயிற்றில் வைத்திருக்கத் தெரியாதவர்கள், இதை மட்டும் இன்று வரை காக்கிறார்கள். உலைமூடி கிடைத்துவிட்டது.

எங்கே பார்த்தாலும் துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள்.

"தம்பி சேதி அனுப்பினானாடி?"

"அனுப்பினான் அக்கா."

"வடக்கே எங்கயாவது என் சம்போங் கூட்டத்துல உட்கார்ந்திருப்பான். அந்த வசனத்தை மட்டும் மறக்காம சொல்லச் சொல்லு. கேட்டா வீட்டு ஞாபகம் வரும்."

"சொல்றேன் அக்கா," என்பேன். மூட்டையை அவள் தலையில் தூக்கி வைத்துவிட்டு என் வழியில் போவேன்.